பிளாஸ்ஃபெல்டியா லிலிபுட்டானா

கள்ளிக் குடும்பத்திலேயே மிகச் சிறியது பிளாஸ்ஃபெல்டியா லிலிபுட்டானா. நன்கு வளர்ந்த தண்டின் குறுக்களவே பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர்தான். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. தெற்கு பொலிவியாவிலும் வடமேற்கு அர்ஜென்டினாவிலும் ஆண்டீஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கச் செங்குத்துப் பாறைகளில் இது வளர்கிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் எரிக் வெர்டெர்மன் 1937இல் இதற்குப் பெயரிட்டார். ஜோனதன் ஸ்விஃப்டின் நாவலில் வரும் குள்ளர் நாடான லில்லிபுட்டை இனப்பெயர் நினைவூட்டுகிறது. இந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான் இனம்.

கள்ளி என்றதும் நம் கண்முன் வருவது முள். இதில் முள்ளே கிடையாது. மற்றக் கள்ளிகளில் காணும் விலா மேடுகளோ குமிழ்களோகூட இல்லை. சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், உச்சி சற்றே குழிந்த தட்டையான உருண்டை, அவ்வளவுதான். முள் முளைக்க வேண்டிய புள்ளிகளில் வெண்சாம்பல் நிறப் பஞ்சுத் துணுக்குகள் மட்டும் இருக்கும். உற்றுப் பார்த்தால் அவை நடுவிலிருந்து விளிம்புவரை சுருள் சுருளாக வரிசைகட்டி இறங்குவது தெரியும். தண்டுக்குக் கீழே பருத்த ஆணிவேர் பாறை இடுக்குக்குள் இறங்கியிருக்கும்.

செடியின் உண்மையான வியப்பு அதன் தோலில் இருக்கிறது. வறண்ட நிலத்துக் கள்ளிகளுக்கு நீரைக் காக்கத் தடித்த மேற்தோல் உண்டு. இதற்கு அந்தக் கவசம் இல்லை. மாறாக, காற்று புகும் நுண்துளைகள் மிக மிகக் குறைவு. தரைவாழ் பச்சைத் தாவரங்களில் இவ்வளவு குறைவான துளைகள் வேறெதிலும் அறியப்படவில்லை. மழை பொய்த்தால் தண்டு சுருங்கித் தகடாகிப் பாறை இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீரை இழந்து, ஓராண்டுக்கு மேலும் அப்படியே காய்ந்து கிடக்கும். பட்டுப்போனதென்றே பார்ப்பவர் நினைப்பார். நீர் பட்டதும் உப்பிப் பழையபடி ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். சதைப்பற்றுள்ள ஒரு செடி இப்படிக் காய்ந்து மீள்வது அபூர்வத்திலும் அபூர்வம்.

பூ உச்சிக்குழியிலிருந்து மேலே வரும். வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் வெள்ளை. நீளம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். பொத்தானளவு உடம்பில் அந்தப் பூ விரியும்போது செடியின் பாதி மறைந்துபோகும். தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். சுமார் 5 மில்லிமீட்டர் உருண்டைக் காயினுள் கசகசாவைவிடச் சிறிய பழுப்பு விதைகள் இருக்கும். அவற்றின் மேல் நுண்மயிர் படர்ந்திருக்கும். ஒரு முனையில் எறும்புகளை ஈர்க்கும் சிறு சதைத்திரளும் உண்டு. விதைகளை இடுக்குகளுக்கு இழுத்துச் செல்வது எறும்புகளே.

விதையிலிருந்து வளர்ப்பது மிக மெதுவான வேலை என்பதால், வளர்ப்பவர்கள் வேறு கள்ளியின் மேல் இதை ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒட்டுச்செடி கொத்துக்கொத்தாகப் பெருத்துவிடும். அதைப் பார்த்து இனத்தின் இயல்பான அளவை முடிவுசெய்யக் கூடாது; பாறை இடுக்கில் தன் வேரில் நிற்பதே இதன் சரியான உருவம்.