தோட்டக் காய்ச்சலும் குளோரோமைசெட்டினும்

மலாயாத் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் காய்ச்சலுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்ததில்லை. காடு வெட்டப் போனவன் பத்து நாளில் லயத்துக்குத் திரும்பிப் படுக்கையில் விழுந்தான் என்றால், அது மலேரியாவாக இருக்கலாம், டைபாய்டாக இருக்கலாம், டைபஸாகவும் இருக்கலாம். தோட்டத்து டிரெசர் கொயினா கொடுப்பார். காய்ச்சல் தணிந்தால் அது மலேரியா. தணியாவிட்டால் வேறு ஏதோ ஒன்று. அந்த 'வேறு ஏதோ ஒன்று' யாது என்று பிரித்தறிய மருத்துவ அறிஞர்க்குக் கால் நூற்றாண்டு பிடித்தது. அந்த உழைப்பின் பயனாக உலக மருத்துவ வரலாற்றில் குறிக்கத்தக்க இரு நிகழ்ச்சிகள் 1948ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடந்தேறின. தமிழ்ப் பாடநூல்களில் இவ்வரலாறு இடம்பெறாமற் போனது வியப்பே.

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தாப்பாவிலிருந்து சாலை மலையேறிற்று. அதன் வழியே தமிழ்த் தொழிலாளரும் ஏறினர். கேமரன் மலையில் காடு அழிந்து தேயிலை தழைத்த அதே ஆண்டுகளில், கீழே கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகத்தார் தோட்டக் காய்ச்சல்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். 1900ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகம் மலேரியா, பெரிபெரி ஆகியவற்றை ஆராய்ந்து பெயர் பெற்றது. அதற்கு அடுத்தபடி அதன் கவனத்தை ஈர்த்தது டைபஸ்.

1920களில் வில்லியம் பிளெட்சர், லெஸ்லர் என்னும் இருவரும் மலாயாவின் டைபஸ் ஒன்றன்று, இரண்டு என்று கண்டனர். ஒன்று பட்டணத்தில், எலிகள் மலிந்த கடைகளைச் சுற்றி வருவது. மற்றொன்று நாட்டுப்புறத்தில், சிறப்பாகச் செம்பனைத் தோட்டங்களிலும் லாலாங் புல் மண்டிய கைவிடப்பட்ட நிலங்களிலும் வேலை செய்தவர்களைப் பற்றுவது. இரண்டையும் பிரித்துக் காட்டிய கருவி வேடிக்கையானது. புரோட்டியஸ் என்னும் நுண்ணுயிர் டைபஸ் நோயை உண்டாக்குவதன்று. ஆயினும் டைபஸ் நோயாளியின் இரத்த நீரோடு அதைக் கலந்தால் அது திரண்டு படியும். வைல், பெலிக்ஸ் என்னும் இருவர் முதல் உலகப் போர்க்காலத்தில் கண்ட சோதனை இது. கோலாலம்பூர்க் கழகத்தைச் சேர்ந்த கிங்ஸ்பரி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த புரோட்டியஸ் வகை ஒன்று, இடையில் எப்படியோ தன் இயல்பு மாறிவிட்டிருந்தது. பட்டணத்து நோயாளியின் இரத்த நீரில் அது திரளவில்லை. தோட்டத்து நோயாளியின் இரத்த நீரிலோ நன்கு திரண்டது! கெட்டுப்போன சரக்கென்று கொட்டிவிடாமல் இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்தனரே, அதில்தான் இருக்கிறது அறிவியலின் பொறுமை. இன்றளவும் ஆய்வகங்களில் அந்த வகை கிங்ஸ்பரியின் முதலெழுத்தைத் தாங்கி 'ஓஎக்ஸ்-கே' என்றே வழங்குகிறது.

அவர்களுக்குப்பின் ஆர். லூத்வெயிட் என்னும் ஆங்கிலேயரும், எஸ். ஆர். சவூர் என்னும் இந்தியரும் இப்பணியைத் தொடர்ந்தனர். அக்காலத்தில் ஜப்பானில் 'சுட்சுகாமுஷி' என்றொரு நோய் அறியப்பட்டிருந்தது. சிற்றுண்ணி கடித்த இடத்தில், சுருட்டால் சுட்டாற்போன்ற கரும்புண் அந்நோயின் அடையாளம். மலாயாவிலும் அத்தகைய புண்ணோடு சிலர் வந்தனர். புண்ணே இல்லாமல் வேறு பலரும் வந்தனர். இவை இருவேறு நோய்களோ என்பது வழக்கு. ஒரு நோய்க்கு எதிர்ப்பாற்றல் பெற்ற விலங்கு மற்றதையும் தாங்குகிறதா என்று மாற்றி மாற்றிச் சோதித்து, இரண்டும் ஒரே நோய்தான் என்று லூத்வெயிட்டும் சவூரும் 1940இல் நிலைநாட்டினர். தமிழ்நாட்டில் இன்று உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் இதுவே. இமயச் சரிவுகளில் 3,000 மீட்டர் உயரத்திலும் இது காணப்பட்டுள்ளதாகையால், மலைத்தோட்டத்தார் இதைச் சமவெளிக்காரரின் நோய் என்று ஒதுக்குவதற்கில்லை.

இதைப் பரப்பும் உண்ணியின் வாழ்க்கையும் வியப்பூட்டுவது. வளர்ந்த உண்ணி யாரையும் கடிப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த ஆறுகால் குஞ்சு தன் வாழ்நாளில் ஒரே முறை எலியையோ, எதிர்ப்பட்ட மனிதனையோ கடித்து உணவு கொள்கிறது. நோய்க்கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குச் சென்றுவிடுகிறது. ஆகவே கிருமியுள்ள உண்ணிகள் ஒரு புதரைச் சுற்றிச் சில கெஜ தூரத்துக்குள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும். அடர்ந்த காட்டைவிட, காடு அழிந்து புதர் மண்டிய இடமே இவற்றுக்கு உகந்தது. காட்டைத் திருத்தியவன் கையாலேயே நோயின் இருப்பிடமும் உருவாயிற்று என்பது தோட்ட வரலாற்றின் கசப்பான பகுதி.

நோய் இன்னதென்று தெரிந்தது, மருந்துதான் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான படைவீரர் இந்நோயில் விழுந்தனர். சில முகாம்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் மாண்டதுண்டு. அந்நாளைய அதிசய மருந்தான பெனிசிலின் இதற்குச் சிறிதும் பயன்படவில்லை. ஏனெனில் இக்கிருமி மனிதனின் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. பெனிசிலின் தாக்கக்கூடிய வலுவான புறச்சுவரும் அதற்கு இல்லை.

இந்நிலையில் தென் அமெரிக்காவின் வெனிசுலா நாட்டுத் தலைநகர் கராக்கசுக்கு அருகில் எடுத்த வயல்மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரந்த பொருளைப் பார்க்-டேவிஸ் நிறுவனத்தார் 1947இல் பிரித்தெடுத்தனர். அதுவே குளோராம்பெனிக்கால், கடைப்பெயர் குளோரோமைசெட்டின். ஜோசப் ஸ்மேடல் என்னும் அமெரிக்க இராணுவ ஆய்வாளர் அதை எலிகளுக்குக் கொடுத்து, டைபஸ் வகைக் கிருமிகளை அது அடக்குவதைக் கண்டார். இனி மனிதரிடம் சோதிக்கவேண்டும். நோயாளிகள் எங்கே கிடைப்பர்? நோயைத் திட்டமாக இனங்காணும் ஆய்வகம் எங்கே உள்ளது? இரண்டுக்கும் விடை கோலாலம்பூர். 1948 மார்ச்சில் ஸ்மேடலும், தியோடர் உட்வர்டு முதலியோரும் அங்கு வந்திறங்கினர். லூத்வெயிட்டும் சவூரும் அவர்களோடு சேர்ந்து பணியாற்றினர்.

மருந்து உண்ட நோயாளிகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை நாளில் காய்ச்சல் இறங்கிற்று. மருந்தில்லாதார்க்கு அதே காய்ச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் எரிந்தது. தொடக்கநிலைச் சோதனையானாலும் முடிவில் ஐயத்துக்கு இடமில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் செய்தி அச்சேறிற்று.

இரண்டாம் நிகழ்ச்சி இதனினும் சுவையானது. உண்ணிக் காய்ச்சல் என்று கருதி மருந்தளிக்கப்பட்டவருள் ஓரிருவரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவர்களுக்கிருந்தது டைபாய்டு என்று தெரியவந்தது. நோயை இனங்கண்டது தவறு. ஆனால் அவர்களோ குணமடைந்திருந்தனர்! அதுவரை டைபாய்டுக்கு உலகில் எங்குமே மருந்து கிடையாது. நல்ல பராமரிப்பும் நல்வினையுமே துணை. ஆய்வாளர் உடனே டைபாய்டு நோயாளிகள் பதின்மருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். மூன்று நான்கு நாள்களில் காய்ச்சல் விட்டது. அவ்வறிக்கையை எழுதியவருள் டாக்டர் மங்கீகர் என்னும் இந்திய மருத்துவரும் ஒருவர். காய்ச்சல்களைப் பிரித்தறிவதில் இருபத்தைந்து ஆண்டுகள் செலவிட்ட ஒரு நிலையத்தில், பிரித்தறிவதில் நேர்ந்த ஒரு பிழையால் டைபாய்டு மருந்து கிடைத்ததை என்னென்பது! எனினும் பிழையைப் பிழையென்று கண்டுகொள்ளும் ஆய்வகம் அங்கே இல்லாதிருந்தால், அவ்விருவரும் உண்ணிக் காய்ச்சல் கணக்கிலேயே சேர்ந்திருப்பர்.

அவ்வாண்டு நடந்த மற்றொரு சோதனையும் கருதத்தக்கது. தொண்டர் சிலர் உண்ணி நிறைந்த நிலத்திற் போய் வேண்டுமென்றே அமர்ந்தனர். குளோரோமைசெட்டினை உட்கொண்டிருந்த வரையில் அவர்களை நோய் பற்றவில்லை. மருந்தை விரைவில் நிறுத்தியவர்க்கோ சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. ஆக, இம்மருந்து கிருமியைக் கொல்லவில்லை, பெருகவொட்டாமல் நிறுத்திவைக்கிறது. எஞ்சிய வேலையை உடலே செய்துகொள்கிறது என்பது தெளிவாயிற்று. ஆய்வேடுகளில் மருத்துவர் பெயர்கள் வரிசையாக உள்ளன. இரத்தம் தந்த தொழிலாளர்கள், வழக்கப்படி, எண்களாக மட்டும் நிற்கின்றனர்.

கிருமியை அம்மருந்து நிறுத்துவது எவ்வாறு? உயிரணு ஒவ்வொன்றிலும் புரதம் நெய்யும் தறி உண்டு. ரிபோசோம் என்பது அதன் பெயர். அது பெரியதும் சிறியதுமான இரு பகுதிகள் இணைந்தது. குளோராம்பெனிக்கால் மூலக்கூறு கிருமியின் தறியில் பெரிய பகுதியிற் போய் ஒட்டி, புரத இழை நீளும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தறி நிற்கவே, கிருமியும் வளர்ச்சியற்று நிற்கிறது. மனிதனின் ரிபோசோம் வேறு அமைப்புடையதாதலின் பெரும்பாலும் தப்புகிறது. மூலக்கூறு மிகச் சிறியது. 1949இலேயே மில்டிரட் ரெப்ஸ்டாக் முதலியோர் அதை மண்ணுயிரின் உதவியின்றி ஆய்வகத்திலேயே செய்துகாட்டினர். அதனால் மருந்து மலிந்தது.

மலிந்ததே கேடாகவும் முடிந்தது. சளிக்கும் தொண்டைப் புண்ணுக்கும்கூட அதை வாரி வழங்கினர். 1950 முதல், மருந்துண்டவர் சிலருக்கு எலும்பு மஜ்ஜை பட்டுப்போய் இரத்தம் ஊறாமல் மாண்ட செய்திகள் வரலாயின. ஏறத்தாழ 25,000 முதல் 40,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. உயிரைக் கொல்லும் டைபாய்டுக்கு அந்த அபாயத்தை ஏற்கலாம், தடுமனுக்கு ஏற்கலாமா?

மஜ்ஜையை ஒடுக்கும் ஆற்றல் எங்கும் தீமையே என்று கொள்வதற்கும் இல்லை. அதே 1948 ஜூனில், பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்து, அவர்களில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்ததை வெளியிட்டார். உயிரணு பெருகத் தேவையான போலிக் அமிலத்தைப் போலவே வேடமிட்டு, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு அது. அதை ஆக்கித் தந்த ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். ஒரு மருந்துக்குப் பழியாக நின்ற செயல், இன்னொரு மருந்துக்குப் பணியாயிற்று. பார்பரின் அறிக்கை வந்த இரண்டு மாதத்தில் சுப்பாராவ் மறைந்தார்.

குளோராம்பெனிக்காலின் அடுத்த சரிவு 1972இல் நேர்ந்தது. மெக்சிகோவில் அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டு பெருவாரியாகப் பரவிற்று. அவ்வாண்டே கேரளத்துக் கோழிக்கோட்டிலும் அடங்காத கிருமியை ஆய்வாளர் கண்டறிந்தனர். அடங்காமையைத் தரும் மரபுக்கூறு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்லது என்றும் காட்டினர். இருபத்து நான்கு ஆண்டுகளில் கோலாலம்பூரின் வெற்றி பாதி கரைந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கோ டெட்ராசைக்ளின் இனத்து டாக்சிசைக்ளின் முதன்மை பெற்றது.

இப்பிற்கால மருந்துகள் தறியின் எந்த இடத்தைப் பிடிக்கின்றன என்பதைக் கண்ணாற் காண்பது போல் காட்டியவருள் ஒருவர், 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் குழுவினர் 2000ஆம் ஆண்டில் ரிபோசோமின் சிறிய பகுதியை அணு அணுவாக வரைந்து, டெட்ராசைக்ளின் அங்கே தங்கும் இடத்தையும் குறித்தனர். பெரிய பகுதியில் குளோராம்பெனிக்கால் தங்கும் இடத்தை அடா யோனத் குழுவினர் 2001இல் வெளியிட்டனர். தாமஸ் ஸ்டைட்சுடன் இவ்விருவரும் 2009இன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

படம் கையில் இருந்தால் ஒரு கேள்வி தானே எழும். சிறிய பகுதியை ஒரு மருந்தும் பெரிய பகுதியை இன்னொரு மருந்தும் ஒருசேரப் பிடித்தால் என்ன? வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் ஏழு இதைச் சோதித்தன. உண்ணிக் காய்ச்சல் முற்றிய ஏறக்குறைய 800 நோயாளிகளில் ஒரு பிரிவினர்க்குச் சிறிய பகுதியைப் பிடிக்கும் டாக்சிசைக்ளின், ஒரு பிரிவினர்க்குப் பெரிய பகுதியைப் பிடிக்கும் அசித்ரோமைசின், மற்றொரு பிரிவினர்க்கு இரண்டும் நரம்பு வழியே ஏற்றப்பட்டன. 2023இல் வெளிவந்த முடிவின்படி, தனித்தனியே மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 47, 48 பேர் இறந்தோ, தொல்லை நீங்காமலோ, காய்ச்சல் விடாமலோ இருந்தனர். இரண்டும் பெற்றவருள் அது 33 ஆகக் குறைந்தது.

குறைந்ததே தவிர, மறைந்துவிடவில்லை. நோயாளிகள் பிந்தி வருவதே இதற்கு ஒரு பெருங்காரணம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மறைந்திருக்கும் அந்தச் சிறு கரும்புண் வலிப்பதில்லை, அரிப்பதுமில்லை. தேடிப் பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் படாது. குளோராம்பெனிக்காலோ இன்று மருந்துக் கடைகளில் பெரும்பாலும் கண்ணுக்கு இடும் சொட்டு மருந்தாகக் காலந்தள்ளுகிறது.