ஒற்றைக்கொம்பின் இடம்

ஏலூரில் பெரியாற்று நீரின் தன்மையைக் காட்டும் வரைபடத்திற்குத் தமிழில் பெயரிட்டு, மேட்பிளாட்லிப்பிலிருந்து பிடிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்தோர் இதனைக் கண்டிருக்கக்கூடும்: 'பெரியாறு' என்பதன் ஒற்றைக்கொம்பு பகரத்தைத் தாண்டி ரகரத்தின் முன் நிற்கும், 'லூ'வும் 'று'வும் பிளவுபடும். உடனே எழுத்துருவைக் குறைகூறுகிறோம். பெரும்பாலும் அது குற்றமற்றது.

சிக்கல் வரிசையில் உள்ளது. ஏலூரை அடுத்த கொச்சியில் ஹென்ரிக்கே ஹென்ரிக்ஸ் பாதிரியாரின் 'கிரிசித்தியானி வணக்கம்' 1579இல் அச்சேறியது. கொல்லத்தில் அவரது 'தம்பிரான் வணக்கம்' அதற்கு முந்தைய ஆண்டே வெளிவந்துவிட்டது. கையால் அச்சுக்கோக்கும் முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே வரிசை: கொம்பு முதலில், மெய் அடுத்து. தட்டச்சுப்பொறியும் 1990களின் திஸ்கி குறியேற்றமும் அவ்வழியே சென்றன. 1991இல் வந்த யூனிகோடோ, இஸ்கியைப் பின்பற்றி ஒலிப்பு வரிசையை ஏற்றது. ஆகவே கொம்பை இடம்மாற்றும் பணி ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்களைச் சார்ந்தது. மேட்பிளாட்லிப் நெடுங்காலம் அத்தகைய நிரலின்றியே எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கியது.

எனவே பலரும் பரிந்துரைப்பதுபோல் எழுத்துரு வகையை 3இலிருந்து 42ஆக மாற்றுவது இங்கே உதவாது. அது எழுத்துரு கோப்பில் பொதியப்படும் முறையை மட்டுமே மாற்றும். (வகை 3ஐ ஏற்காத ஆய்விதழ்களுக்கு அது வேண்டியதே.) படத்தை எஸ்விஜியாகச் சேமித்து, இங்க்ஸ்கேப்பில் திறந்து பிடிஎஃப் ஆக்குக. ஆனால் எழுத்தை எழுத்தாகவே வைக்குமாறு முன்னரே அமைத்திடல் வேண்டும். இயல்பிருப்பில் அது உருவரையாக மாறிவிடும், பிழையும் அப்படியே உறைந்துவிடும்.