ஆற்று நீரை அளந்த வரலாறு: இங்கிலாந்தின் அளவுகோல்கள்

ஓர் ஆற்றின் நீர் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க மனிதன் ஆதியில் நம்பியது தன் கண்ணையும் மூக்கையும் நாவையுமே. அப்புலன்களின் சாட்சியத்தை அளவையாக மாற்றும் முயற்சி, ஆலைக் கழிவும் நகரக் கழிவும் நதிகளை நிறைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தீவிரமடைந்தது. அம்முயற்சியின் படிகளை ஆராயுமிடத்து, ஒவ்வோர் அளவுகோலும் தான் பிறந்த நிலத்தின் இயல்பைத் தன்னுள் கொண்டிருந்தமை புலனாகும்.

1855 ஜூலையில், லண்டனில் தேம்ஸ் நதிமீது நீராவிப் படகில் சென்ற மைக்கேல் ஃபாரடே, வெள்ளை அட்டைகளைக் கிழித்து, எளிதில் அமிழுமாறு நனைத்து, துறைதோறும் நீரில் இட்டார். வெயில் பிரகாசமாக இருந்தும், ஓரங்குலம் அமிழ்வதற்குள் அவை கண்ணுக்குப் புலப்படாமற் போயின. ஆயினும், கலங்கல் அசுத்தத்துக்குச் சான்றாகலாமேயன்றித் தெளிவு பரிசுத்தத்துக்குச் சான்றாகாது. ஆகவே ரசாயன அறிஞர் எட்வர்ட் ஃபிராங்க்லாந்து, நீரிலுள்ள நைட்ரேட் முதலிய நைட்ரஜன் சேர்மங்களை அளந்து, அதில் முன்பு கலந்திருந்த கழிவை அனுமானிக்க முற்பட்டார். அவர் அங்கம் வகித்த நதி அசுத்த விசாரணைக் குழுவோ, ஓடும் நீர் தன்னைத்தானே சுத்தி செய்துகொள்ளும் என்ற நம்பிக்கையை மறுத்து, கழிவு முற்றும் அழியப் போதுமான நீளமுள்ள நதி அந்நாட்டில் இல்லை என 1874இல் அறிவித்தது.

1888இல் ஹங்கேரியரான லாயோஷ் விங்க்லர், நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அளக்கும் உபாயத்தைக் கண்டார். மாங்கனீஸ் உப்பையும் காரத்தையும் சேர்த்தால், பிராணவாயு உள்ள நீரில் பழுப்பு வீழ்படிவு தோன்றும். இல்லாத நீரில் அது வெண்மையாகவே நிற்கும். இத்தகைய அளவையின் துணையால், கழிவுநீர் குறித்து 1898இல் நியமிக்கப்பட்ட அரச விசாரணைக் குழு, கழிவு இப்போது எவ்வளவு உள்ளது என்பதைவிட, அது சிதையும்போது எவ்வளவு பிராணவாயுவை உண்ணும் என்பதே முக்கியம் என்று கருதியது. 65 பாரன்ஹீட் பாகையில் 5 நாள் வைத்து அத்தேவையை அளக்கும் பி.ஓ.டி. (உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை) முறையும், ஆற்றில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி., 30 மில்லிகிராம் கரையாது கலந்து நிற்கும் திடப்பொருள் என்னும் வரம்பும் 1912இல் வெளியான எட்டாம் அறிக்கையால் நிலைபெற்றன. இவ்வரம்பும் குறைந்தது எட்டு மடங்கு ஆற்றுநீர் வந்து கலக்கும் இடத்துக்கே உரியது என்பதைப் பிற்காலத்தார் பலர் மறந்தனர்.

ரசாயனப் பரிசோதனை, நீரை முகந்த கணத்தின் நிலையை மட்டுமே உரைப்பது. இரவில் திறந்துவிட்ட ஆலைக் கழிவு, காலையில் புட்டியை நிரப்புபவருக்கு அகப்படாமற் போகலாம். ஆற்றடியில் மாதக்கணக்காக வாழும் ஜீவராசிகளோ அக்கழிவின் விளைவை அனுபவித்தே தீர வேண்டும். ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் 1908, 1909ஆம் ஆண்டுகளில் உயிரினங்களை அசுத்தத்தின் அறிகுறிகளாக வகைப்படுத்தினர். இங்கிலாந்தில் டிரென்ட் நதியை ஆராய்ந்த வுடிவிஸ் 1964இல் ஓர் உயிரியல் குறியீட்டை வெளியிட்டார். பின்னர் வந்த பிரிட்டிஷ் முறையில், பிராணவாயு குறைந்தால் பிழைக்காத ஸ்டோன்ஃப்ளை என்னும் பூச்சிகளின் குடும்பங்கள் பலவற்றுக்கு 10 மதிப்பெண்ணும், சேற்றிலும் செழிக்கும் புழுக்களுக்கு 1 மதிப்பெண்ணும் வழங்கப்பட்டன.

ஆயினும் மலையோடையில் இயல்பாக வாழும் பூச்சியைச் சமவெளியின் மந்த நதியில் தேடிக் காணாமல், அந்நதி கெட்டது என்பது நீதியாகுமோ? 1977இல் தொடங்கிய ஆய்வின் பயனாக எழுந்த ரிவ்பேக்ஸ் முறை, ஒவ்வோரிடத்தின் சரிவு, அகலம், ஆழம், அடிமண் முதலியவற்றைக் கொண்டு, மாசற்ற நிலையில் அங்கு வாழ வேண்டியவற்றைக் கணித்து, உண்மையில் வாழ்பவற்றோடு அவற்றை ஒப்பிட்டது. இந்தியாவின் கழிவுநீர் விதிகளில் பி.ஓ.டி. 27 செல்சியஸ் பாகையில் 3 நாள் என மாறியதும், அந்தந்த நிலத்தின் இயல்புக்கேற்ப அளக்கும் இந்நெறிக்கு இணங்கியதே. வெப்ப நாட்டின் நீரில் சிதைவு விரைந்து நிகழும். ஆகவே, அந்நியக் கோலை நம் நதிகளில் நாட்டுமுன், அந்தந்த நதி மாசின்றி இருந்தால் எவ்வாறு இருக்கும் என்பதை ஆராய்ந்து வகுத்துக்கொள்ளுதலே நீராய்வின் முதற்கடமையாகும்.