எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்

பொல்லாத ஆளை ‘சரியான எம்டன்’ என்று சொல்வோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பலின் பெயர் அது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்த மாதம் அதே எம்டன், மினிக்காய் தீவுப் பக்கம் ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அந்தக் கப்பலில் இருந்தவை நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள். சென்னையில் வைப்பதற்காக வந்துகொண்டிருந்த ஒரு முழுக் கண்காட்சி.

இந்தக் கதை எனக்குச் சிக்கியது வேறொன்றைத் தேடும்போது. எங்கள் தெருமுனையில் இருந்த ஒரு குடியிருப்பு மனையை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றக் கேட்டிருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பும் வந்திருக்கிறது. விஷயம் என் காதுக்கு எட்டியபோது கெடு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். “பேப்பர்ல போட்டோமே சார், ஒருத்தரும் எழுதலையே” என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பேப்பர் எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தது. படிக்காமலே எடைக்கும் போய்விட்டிருந்தது.

நகரமைப்புப் பிரிவு என்றால் பிளான் அப்ரூவல் வாங்குகிற இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெருவில் குடியிருப்பவனிடம் கருத்துக் கேட்கும் வேலை அதற்கு எப்படி வந்தது? அதைத் தேடிப் போன இடத்தில்தான் பேட்ரிக் கெடிஸ் வந்தார்.

கெடிஸ் ஸ்காட்லாந்துக்காரர், டண்டீயில் தாவரவியல் பேராசிரியர். எடின்பரோவின் பழைய நகரில், மற்றவர்கள் சேரி என்று ஒதுக்கிய பகுதியில் குடும்பத்தோடு குடியேறி, வீடு வீடாகச் சீர்செய்தவர். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் இங்கே வந்தார். கண்காட்சி கடலுக்குள் போனதும் அவர் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. நண்பர்கள் பிரிட்டனில் இன்னொரு தொகுப்பைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது.

பிறகு மாகாணத்தின் ஊர்களைச் சுற்ற ஆரம்பித்தார். தஞ்சாவூர் கோட்டைக்குள் நெரிசலான பகுதி ஒன்று. அதற்கு நகராட்சியிடம் தயாராக ஒரு திட்டம் இருந்தது: சந்துகளின் குறுக்கே நேர்கோட்டில் அகலமான சாலைகள், வழியில் வரும் வீடுகளை இடித்துவிடுவது. கெடிஸ் அந்தச் சந்துகளில் நடந்தார். எந்த வீடு உறுதியானது, எது பாழடைந்தது, எங்கே மரம் நிற்கிறது என்று பார்த்தார். பாழடைந்தவற்றை மட்டும் எடுத்துவிட்டு, கிடைக்கும் இடத்தைச் சின்னச் சின்னத் திறந்த வெளிகளாக்கி, சந்துகளைத் தேவையான இடத்தில் மட்டும் அகலப்படுத்தினால் போதும் என்றார். செலவும் குறைவு, வீடிழப்பவர்களும் குறைவு. இந்த முறையை அவர் அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டார்: நல்ல உறுப்பைக் காப்பாற்றிக்கொண்டு, கெட்டதை மட்டும் நீக்குவது. எங்கள் தொழிலில் பழைய கோடை மொத்தமாகத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதலாம் என்று துடிக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வதும் இதேதான். முதலில் படி, ஓடுகிறதை உடைக்காதே.

அவருடைய அறிக்கைகளில் பெரும்பாலானவை அறிக்கையாகவே நின்றுபோயின. ஆனால் 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. பம்பாய் 1915-லேயே இயற்றியிருந்தது. வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும் நடைமுறையை கெடிஸ் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. பிரிட்டனின் 1909 சட்டத்திலேயே அதன் வேர் இருக்கிறது. எதற்காகக் கேட்க வேண்டும் என்பதைத்தான் தஞ்சாவூர்ச் சந்துகள் காட்டுகின்றன. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரிவது, கீழே ஒருவருடைய திண்ணை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? அதே 1920-களில் மாம்பலத்தில் நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்து தியாகராய நகரை எழுப்ப ஆரம்பித்தார்கள். பனகல் பூங்கா, அகலமான தெருக்கள் என்று இன்றைக்கும் கண்ணுக்கு நல்ல நகரமைப்புதான். குடியிருக்க இடம் தேடிய நகரத்துக்கு அது பெரிய உதவி. ஏரி மட்டும் பெயர்களில் மிச்சம்: மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. ஏரியின் பக்கம் நின்று ஆட்சேபணை எழுத அன்று ஆள் இருந்திருந்தால் ஒரு பகுதியாவது தப்பியிருக்குமோ என்று மழைக்காலத்தில் நினைத்துக்கொள்வேன்.

இப்போது நடைமுறையில் இருப்பது 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். எந்த மனையில் வீடு வரலாம், எங்கே கடை, எங்கே ஆலை என்று பிரிப்பது, சாலைக்கும் கட்டடத்துக்கும் நடுவே இடம் விடவைப்பது, பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைப் பூங்காவுக்காகத் தானப் பத்திரம் மூலம் வாங்குவது எல்லாம் இதன் கீழ்தான். பிளான் அப்ரூவல் இதில் ஒரு துண்டு. முழுமைத் திட்டம் தயாராகும்போது அதன் வரைவை வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாதம் பொதுமக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும். எழுதுவதற்கு நிலத்தின் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவரும் எழுதலாம்.

ஆக, வீடு கட்டாதவருக்கும் இந்தத் துறை ஒன்றைத் தருகிறது: வேலை தொடங்குவதற்கு முன்னால் பேசுவதற்குக் கொஞ்சம் அவகாசம். ஜேசிபி வந்து நின்றபின் போராடுவதைவிட அது எவ்வளவோ சுலபம். ஆனால் சர்வே எண்ணும் கிராமத்தின் பெயருமாகப் பொடி எழுத்தில் வரும் அறிவிப்பில் தன் தெருவை யார் கண்டுபிடிப்பார்? ‘பிளாக் எண்’ என்று பார்த்தால் நமக்குக் கண் தானாக நகர்ந்துவிடுகிறது. தெருப் பெயரையும் போட்டு, அந்த மனையின் வாசலில் ஒரு பலகையும் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கெடிஸ் தஞ்சாவூரில் நடந்த தூரத்தைவிட அது குறைவுதான்.

எங்கள் தெரு சர்வே எண்ணை இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்களுடையது பத்திரத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். பேப்பரை எடைக்குப் போடுவதற்கு முன்னால் அறிவிப்புப் பக்கத்தை ஒரு தடவை புரட்டுங்கள்.