ரீல்ஸ் பார்த்துப் பொருள் வாங்குறீங்களா... பணம் அனுப்பும் முன் இதைக் கவனிங்க!

தென்காசி மாவட்டம் ராயகிரி மாதிரியான ஊர்கள்ல மிக்ஸி வாங்கணும்னா, முன்னாடி என்ன செய்வோம்? 'உங்க மிக்ஸி எப்படி ஓடுது மைனி?'னு பக்கத்து வீட்டில் கேட்போம். அப்புறம் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி, கடைக்காரர்கிட்ட நாலு கேள்வி கேட்டு வாங்குவோம். இப்போ முதல் கேள்வியே யூடியூப், இன்ஸ்டாகிராம்கிட்டதான்.

அதில் தப்பில்லை. ஆனா, ஒரு வித்தியாசம் இருக்கு. மைனி, தான் காசு கொடுத்து வாங்கினதைப் பத்திச் சொல்வாங்க. ரீல்ஸில் பேசுறவர், பேசுறதுக்கே காசு வாங்கியிருக்கலாம். தவிர, ஒரு ஹேர் ஆயில் வீடியோவை முழுசா பார்த்தா, அதே மாதிரி பத்து வீடியோ வரிசைகட்டும். உங்க ஆர்வத்தைக் கணிச்சு அல்காரிதம் காட்டுறது அது. நமக்கோ, 'ஊரே இதைத்தான் சொல்லுது'னு தோணும்.

சட்டம் என்ன சொல்லுது?

பணம், பரிசு, இலவசப் பொருள் எது வாங்கியிருந்தாலும், அதைத் தெளிவா சொல்லணும்னு 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. வீடியோ எந்த மொழியிலோ, அந்த மொழியிலேயே சொல்லணும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள்ள ஒளிச்சு வைக்கக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தா 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

நீங்க என்ன செய்யலாம்?

* 'பெய்டு பார்ட்னர்ஷிப்', 'ஸ்பான்சர்டு'னு இருந்தா, அது விளம்பரம். அப்படியே எடுத்துக்கோங்க.
* பொருளோட பெயருடன் 'பிரச்னை', 'சர்வீஸ்'னு சேர்த்துத் தேடுங்க. குறைகளும் கண்ணில் படும்.
* உணவுப் பொருள்னா, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்கானு பாருங்க.
* முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும், முகவரி இல்லாத பக்கங்களைத் தவிர்த்துடுங்க.
* ஆர்டர் விவரம், பேசின மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

பொருளில் குறையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. பணத்தை வாங்கிட்டு பக்கமே காணாமப்போச்சா? தயங்காம, உடனே சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்குச் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.

வீடியோவைப் பாருங்க... கூடவே மைனிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க!