மோட்டார் சைக்கிள் கழுவுதல் (யாழ்ப்பாணத் தீவகம்)

பெயின்றில் கீறல் விழாமல் மோட்டார் சைக்கிளைக் கழுவும் முறை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்துபோகும் வண்டிகளுக்கு மட்டும் அதில் இரண்டு சிக்கல்கள் கூடுகின்றன. அங்கே காற்றில் உப்பு அதிகம். கழுவுவதற்கு நல்ல தண்ணீர் குறைவு.

யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகட்டுவான் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பண்ணைப் பாலத்தால் வேலணைத் தீவுக்குள் இறங்கி, அங்கிருந்து வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்குப் போக வேண்டும். இரண்டு இடத்திலும் வீதியின் இரு பக்கமும் கடல். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுகிறவர்களில் பலர் வண்டியைத் துறையடியில் விட்டுவிட்டுப் போவார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா வரும் ஆனி மாதம் சோளகம் அடிக்கும் காலம். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று கடற்தூவலை அள்ளிக்கொண்டு வந்து துறையில் வீசும். காலையில் நிறுத்திய கறுப்பு வண்டியின் பெற்றோல் தாங்கி பின்னேரம் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

அந்தச் சாம்பல் வெறும் தூசியல்ல. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தூவல் காய்ந்ததும் அது பெயின்றின் மேல் படிகமாக நிற்கும். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக்கல் நிலம் என்பதால் அந்தத் தூளும், பவளக்கல், சிப்பி ஆகியவற்றின் பொடியும் கூடவே இருக்கும். ஆனால் பெரிய கீறலைப் போடுவது இவை எதுவுமல்ல. கனிமங்களின் கடினத்தை அளக்கும் அளவுகோலில் உப்பு இரண்டரை, சுண்ணாம்பு மூன்று. மணலிலும் வீதிக்குக் கொட்டும் கருங்கல் தூளிலும் உள்ள படிகக்கல்லின் கடினம் ஏழு. கத்தியின் உருக்கைவிட அது கடினமானது. உப்பு ஈரத்தை இழுத்து இந்த மணலைப் பெயின்றோடு ஒட்டவைக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே கசியத் தொடங்கும். கடற்கரையில் அநேகமாக ஒவ்வொரு இரவும் இது நடக்கும். பகல் வெயிலில் அது மறுபடி காயும்.

இன்றைய வண்டிகளில் நிறப் பூச்சுக்கு மேல் நிறமற்ற ஒரு மேற்பூச்சு உண்டு. பொதுவாக அதன் தடிப்பு 30 முதல் 60 மைக்ரோன். தலைமயிரின் தடிப்புக்குக் கொஞ்சம் குறைவு. வண்டியின் மினுக்கம் முழுவதும் இந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. வெயிலில் பார்க்கும்போது தாங்கியில் வட்டம் வட்டமாகத் தெரியும் மெல்லிய கோடுகள் இந்தப் படலத்தில் விழுந்த கீறல்கள். கறுப்பு வண்டியில் அவை பளிச்சென்று தெரியும். வெள்ளி நிறத்தில் ஒளிந்துகொள்ளும்.

இக்கீறல்கள் எல்லாமே கழுவும்போது விழுவதில்லை. பல கழுவுவதற்கு முன்பே விழுந்துவிடுகின்றன. படகால் இறங்கி வந்தவர் கைக்குட்டையை எடுத்து இருக்கையைத் தட்டுவார். அதே கையோடு தாங்கியையும் ஒரு இழுப்பு இழுப்பார். அந்த ஒரு இழுப்பு, ஒரு மாதம் கழுவியதில் வராத கீறலைக் கொண்டுவரும். இருக்கையைத் துடைக்கலாம்; உலர்ந்த தாங்கியில் கை வைக்கக்கூடாது. வண்டியையே படகில் ஏற்றி நெடுந்தீவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குக் கயிறும் ஒரு எதிரி. ஆடும் படகில் தாங்கிக்குக் குறுக்கே கட்டிய தும்புக்கயிறு வழி முழுதும் அராவிக்கொண்டே போகும். கயிற்றைக் கைபிடியிலும் பின் கம்பியிலும் கட்டுவதே சரி. கயிற்றுக்கு அடியில் சாக்கு வைப்பதாக இருந்தால் அதை முதலில் நன்றாக உதற வேண்டும்; மணல் ஏறிய சாக்கு கயிற்றைவிட மோசம்.

தண்ணீரைப் பகிர்தல்

தீவகத்தில் நிலத்தடி நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படையாகத்தான் இருக்கிறது. பல கிணறுகள் உவராகிவிட்டன. புங்குடுதீவில் குடிநீர் பவுசரில் வருவது வழக்கமான காட்சி. குடிக்கிற தண்ணீரில் வண்டி கழுவுவது அங்கே நியாயமாகாது. அதற்குத் தேவையும் இல்லை. உவர்க் கிணற்று நீரில்கூடக் கடல்நீரைவிட உப்பு மிகக் குறைவு. ஆகவே தூசியையும் உப்பையும் ஊறவைத்துக் கழுவித் தள்ளும் முதல் வேலைக்கு அது போதும். கடைசியாக அலசும் வாளிக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மாரியில் பீலியால் பிடித்த மழைநீர் இதற்கு மிகப் பொருத்தம். அதில் சுண்ணாம்பு இல்லாததால் காய்ந்தாலும் புள்ளி விடாது.

வண்டியை நிழலில் விட்டு, எஞ்சினும் தாங்கியும் ஆறிய பிறகு தொடங்க வேண்டும். சூடான தகரத்தில் தண்ணீர் அலசுவதற்குள் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முதலில் தேய்க்காமல், மேலிருந்து கீழாகத் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் தவறவிடும் படி இதுதான். கழுவும்போது வரும் கீறலைத் தடுப்பதில் பெரும்பங்கு இந்த ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் வாகன ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஷாம்புவில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் நீரில் அலசிப் பிழிந்த பின்பே மறுபடி ஷாம்புவில் தோய்க்க வேண்டும். வெறும் நீர் வாளியின் அடியில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் மணல் அதற்குக் கீழே தங்கிவிடும். கடையில் இதற்கென விற்கும் சல்லடை தேவையில்லை. ஷாம்புவுக்குப் பதிலாகச் சவர்க்காரமோ சலவைத் தூளோ வேண்டாம். சுண்ணாம்பு நிறைந்த கிணற்று நீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் கசடாகப் படியும். சலவைத் தூளின் கரையாத குருணை தானே கீறும். தும்பும் பொச்சும் பானை சட்டிக்கு உரியவை.

சில்லு, சங்கிலி, மட்கார்ட்டின் அடிப்பக்கம் ஆகியவற்றுக்குத் தனித் துணி, தனி வாளி வேண்டும். சேர்விஸ் செய்யும் இடங்களில் ஒரே துணி சங்கிலியிலிருந்து தாங்கிக்கு ஏறுவதை அடிக்கடி காணலாம். பொடி வோஷ் கேட்கிறவர் தன் துணியைத் தானே கொண்டுபோவது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல. சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவலாம். அது பெயின்றில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துடைத்தலும் பிறகும்

உலர்த்துவதற்கு மைக்ரோஃபைபர் துணி நல்லது. இல்லாவிட்டால் பலமுறை துவைத்து மெதுமையான பருத்திச் சாரம் போதும். அதைத் தேய்க்காமல் விரித்துப் போட்டு மெல்ல இழுக்க வேண்டும். தையல் விளிம்பு பெயின்றில் படக்கூடாது. வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தால், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த விநாகிரியை ஒற்றிச் சிறிது நேரத்தில் அலசிவிடலாம். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் பூசும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எண்ணெயில் தூசி ஒட்டும். அடுத்த துடைப்பில் அதுவே அரத்தாள் ஆகும். மெழுகு பூசுவதே முறை. நல்ல வாகன மெழுகுகளில் சேரும் கார்னோபா, பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. நம் பனைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மங்கல் பூச்சு வண்டிகளுக்கு மெழுகும் பொலிஷும் ஆகாது. மங்கல் போய்த் திட்டுத்திட்டாக மினுங்கும்.

இந்தப் பேணலுக்கு விலை மதிப்பும் உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. பெயின்ற் கெடாத வண்டிக்குத் தனி மதிப்பு இருந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய குடாநாட்டவருக்கு ஒரே வண்டியை நெடுங்காலம் வைத்துப் பேணுவது புதிதல்ல.

ஏற்கெனவே விழுந்த மெல்லிய வட்டக் கோடுகளைப் பொலிஷ் குறைக்கும். ஒவ்வொரு முறையும் அது மேற்பூச்சில் கொஞ்சத்தைத் தின்றே அதைச் செய்யும். விரல் நகத்தில் தட்டுப்படும் கீறலுக்குப் பொலிஷ் உதவாது. தகரம் தெரிந்த இடத்தில் கடற்காற்று விரைவாகத் துருவைக் கொண்டுவரும் என்பதால், பெயின்ற் அடிக்கும்வரை அவ்விடத்தை நன்னீரால் கழுவி உலர்த்தி, நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டால் மூடி வைக்கலாம்.