பழந்துணியும் தன்மதிப்பும்

ஒருவர் உடுத்திக் கழித்த துணியை மற்றொருவர் உடுத்துவது இழிவென்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. இஃது எங்கிருந்து வந்தது? மனுதர்ம சாஸ்திரத்தின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டுவோர்க்கு விடையின் ஒரு பகுதியேனும் கிடைக்கும். தொண்டு செய்யும் சூத்திரனுக்கு மிஞ்சிய சோற்றையும் பழந்துணியையும் கொடுக்கலாமென்றும், சண்டாளர்க்குப் பிணத்தின் துணியே ஆடையென்றும் அந்நூல் விதித்திருக்கின்றது. இன்னார் உடலில் இன்ன துணிதான் கிடக்கவேண்டும் என்று பிறர் தீர்மானித்தது அது. குற்றம் துணியினுடையதன்று; தீர்மானித்த கையினுடையது என்பது நமது துணிபு. இதற்குச் சான்றாக ஆப்பிரிக்கச் சரித்திரமொன்றைக் கூறுவோம்.

காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே இரண்டு நகரங்கள் உள்ளன. ஒன்றாகிய பிரஸாவில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலும், மற்றொன்றாகிய லியோபோல்ட்வில் பெல்ஜியர் ஆட்சியிலும் 1960 வரை இருந்தன. பின்னதற்கு 1966 முதல் கின்ஷாஸா என்பது பெயர். அங்கிருந்த வெள்ளைத் துரைமாரிற் பலர், தம் பங்களாப் பையன்களுக்குச் சம்பளத்தோடு, சிலபோது சம்பளத்துக்கு ஈடாகவே, தாம் கழித்த கோட்டையும் காற்சட்டையையும் கொடுத்துவந்தனர். தோட்டத்து அன்பர்களுக்குத் துரைமாரின் தயாள குணத்தை நாம் விளக்கவேண்டுவதில்லை. துரையின் உடலுக்கு வெட்டிய கோட்டு பையனுக்குப் பொருந்துமா? பொருந்தாத கோட்டினுள் கறுத்த உடலைக் கண்டு வெள்ளையர் நகைத்தனர். பெல்ஜிய ஓவியர் எர்ஜே 1930, 1931ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட காங்கோவில் டின்டின் என்னும் சித்திரக்கதையில் அந்த நகைப்பை இன்றுங் காணலாம்.

நகைத்தவர்களுக்கு அவ்விளைஞர்கள் அளித்த விடை விந்தையானது. கோட்டைக் கழற்றி எறியவில்லை. துரையைக் காட்டிலும் நேர்த்தியாக அதனை அணியத் தலைப்பட்டனர். கைக்கூலியைச் சேர்த்துத் தாமே தெரிந்து வாங்கினர். பாரிஸில் 1926இல் ஆப்பிரிக்கர் சங்கமொன்றைத் தொடங்கியவரும், 1942இல் சிறையிலேயே உயிர் நீத்தவருமான ஆந்திரே மட்சுவாவைத் தம் முன்னோடியென்று இவ்வுடைப் பிரியர்கள் போற்றுவது கவனிக்கத்தக்கது. விடுதலை வீரன் ஒருவனை உடைக்கும் தலைவனாக்கிக் கொண்டனர்!

இவர்களுக்குப் பிற்காலத்தில் ஸாப்பர்கள் என்று பெயராயிற்று. தென்கரையில் மொபுட்டு என்னும் சர்வாதிகாரி 1971இல் நாட்டின் பெயரை ஸயீர் என மாற்றி, கோட்டும் கழுத்துப்பட்டையும் அந்நிய வேடமென்று தடைசெய்தார். அன்று துரை கொடுத்ததை உடுத்தவேண்டியிருந்தது. இன்று தலைவர் சொன்னதை உடுத்தவேண்டும்! பாப்பா வெம்பா என்னும் பாடகரும் அவரைப் பின்பற்றிய இளைஞரும் கோட்டணிந்தே வீதியில் நடந்தனர். அத்தடை 1990 வரை நிலவியது.

பழைய பாரிஸ் கனவான்களின் கோலத்தில், தொப்பியும் கைத்தடியுமாக நடப்பவர் இன்றும் அங்கே உண்டு. ஒரு கோலத்தில் மூன்று நிறங்களுக்குமேல் கூடாதென்பது அவர்கள் விதி. பருத்தவர், மெலிந்தவர், நரைத்தவர் எவரும் விலக்கப்படுவதில்லை. பெண்டிரும் ஆடவர் கோட்டணிந்து அக்கூட்டத்தில் நடக்கின்றனர். வயிற்றைக் கட்டிப் பாரிஸ் முத்திரைக்குப் பணங் கொட்டுவோரும் அவர்களுள் உளர். அதனை நாம் மெச்சவில்லை. மூட்டைத் துணியிலும் அழகு காணலாம் அன்றோ? அண்டை நாடாகிய ஸாம்பியாவில் மேல்நாட்டுப் பழந்துணிக்கு சலாவுலா என்று பெயர். குவியலைக் கிளறித் தெரிந்தெடுத்தல் என்பது அதன் பொருள். மனுவின் சூத்திரனுக்கு இல்லாதிருந்தது இந்தத் தெரிந்தெடுக்கும் உரிமையே.

நம் நாடுகளுக்கு வருவோம். சிங்கப்பூர் சுங்கை ரோட்டில் 1930ஆம் ஆண்டுகள்தொட்டு நடந்த பழம்பொருட் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. மலேசியாவிலோ ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாய் வரும் துணியை விற்கும் பண்டல் கடைகள் ஊர்தோறும் இருக்கின்றன. பாட்டனார் காலத்து அகன்ற கழுத்துப்பட்டிச் சட்டையையும் பெல்பாட்டத்தையும் நம் பிள்ளைகள் அங்கே தேடியெடுக்கின்றனர். பெற்றோர் சிலர், “யார் வீட்டுத் தீட்டோ!” என்று முகஞ் சுளிக்கின்றனர். கொதிநீரும் சவுக்காரமும் போக்காத தீட்டு எது?

இன்னொரு தடையும் உண்டு. பழைய உடை பொருந்தாதபோது பெண்பிள்ளைகள் தம் உடலையே நொந்துகொள்கின்றனர். பருமன் என்றும் கறுப்பு என்றும் பிறர் சொன்ன சொல் உள்ளே கிடந்து உறுத்துகின்றது. அத்துணி வேறொருத்தியின் அளவுக்கு வெட்டப்பட்டது. காலத்துக்குக் காலம் அளவெண்களும் மாறியிருக்கின்றன. அவ்வெண்ணை நம்பாமல் நாடாவால் அளந்து பார்ப்பதே முறை. தோள் பொருந்துகின்றதா, உள்தையலில் பிரித்துவிடத் துணி மிச்சமிருக்கின்றதா என்று பார்த்து வாங்கினாற் போதும். இடுப்பையும் நீளத்தையும் தையற்காரர் சரிசெய்துவிடுவார்.